மனுதாரருக்கு மனைவி இல்லை

என் புருஷன் இரண்டாவது முறை சாகலாமா கூடாதா என்று வாஷிங்டனில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடத்தினார்கள். நானூற்றுச் சொச்சம் பேர் கூடி உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து மாறி மாறிப் பேசி, நடுவில் சாப்பிடவும் போய்விட்டு வந்து, ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட எந்தக் குழம்பு வைத்தால் அவர் இரண்டாவது தடவை சோறு கேட்பார் என்று தெரியாது.

முதல் முறை அவர் செத்தது ஒரு மளிகைக் கடை வாசலில். காரிலிருந்து இறங்கினவர் கதவைச் சாத்தவில்லை. மாரடைப்பு. நான் தயிர் வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

அப்புறம் மறுகுரல் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளக்கைப் போடு, அடுப்பை அணை என்றால் கேட்கிற பெட்டி எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் பல வருஷமாக இருந்தது. அது நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தும் வைத்திருந்தது. அந்தப் பேச்சிலிருந்து செத்தவரின் குரலையும், சொல்லையும், யோசிக்கிற தினுசையும் திரும்ப உண்டாக்கிக் கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது. பழைய ரெக்கார்டைப் போட்டுக் கேட்பது மாதிரி இல்லை. புதிதாக ஒன்றைக் கேட்டால் புதிதாகப் பதில் வரும். அவர் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படியே.

அதற்கும் ஆயிரத்தெட்டு விதிமுறை. வீட்டுக்கு வந்து போனவர்கள் குரல், போனில் பேசினவர்கள் குரல் எதையும் அவரவர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாதாம். போனில் அவர் பேசியதைக்கூட, அடுத்த முனையில் இன்னொருத்தர் இருக்கிறார் என்பதால், முழுசாக வழித்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர் பேசிக்கொண்டது மட்டும்தான். அவர், நான், மகள் கோமதி.

அது போதும் எனக்கு. சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், உருண்டையாக ஒரு பெட்டி. மருந்துக்கடையில் நாள் பூராவும் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் உடனே குரல் வரும்.

"வந்துட்டியா செண்பகம்? இன்னைக்கு என்ன குழம்பு?"

"சாப்பிடவா போறீங்க? தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"கேக்கதுக்கு என்ன, காசா பணமா?"

இந்தப் பேச்சுக்காகத்தான் நான் வீட்டுக்கு வந்தேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஆளோடு வாயாடிவிட்டு, திடீரென்று ஒருநாள் வாயை மூடு என்றால் யாரால் முடியும்? பக்கத்து வீட்டுக்காரி பாட்டு வகுப்பில் சேரச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் தப்பித்ததே பெரிது.

கோமதி மட்டும் அந்தக் குரலோடு ஒரே ஒரு தடவை பேசினாள். "அப்பா" என்றாள். "என்னம்மா, சாப்பிட்டியா?" என்றது குரல். அவள் எழுந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் பேசவே இல்லை.

அவள் குடியிருப்பது ஆற்றுக்கு அந்தக் கரையில், பக்கத்து மாநிலத்தில். மாநிலங்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்ட ஊரிலேதான் இன்னும் இருக்கிறேன், ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாது. அந்த மாநிலத்தில் மறுகுரலுக்குத் தடை. பாலத்தில் பாதி தூரம் போனதுமே பெட்டி தானாக ஊமையாகிவிடும். ஒரே நாடு, ஒரே கொடி, நடுவில் ஒரு ஆறு. இந்தப் பக்கம் அவர் எனக்குப் புருஷன், அந்தப் பக்கம் கடத்தல் சரக்கு! அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அதனால் கோமதி வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

"ஏங்க, ஒரே நாட்டுக்குள்ள இது என்ன கூத்து?" என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"கூத்து இல்ல செண்பகம். ஏற்பாடே அதான். பட்டாளம், நாணயம், வெளிநாட்டு விவகாரம் இதெல்லாம் வாஷிங்டனுக்கு. கல்யாணம், பள்ளிக்கூடம், பொறப்பு இறப்பு எல்லாம் அந்தந்த மாநிலத்துக்கு. அவங்க இதுல கை வைக்கக்கூடாது, இவங்க அதுல கை வைக்கக்கூடாது."

"அப்போ சாவு மாநில விவகாரமாக்கும்?"

"இதுவரைக்கும் அப்படித்தான்."

இதெல்லாம் அவருக்கு எப்படி அத்துப்படி என்றால், குடியுரிமைப் பரீட்சை. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டையே வருஷக்கணக்கில் வரிசையில் நின்று வாங்கினவர்கள் நாங்கள். பரீட்சைக்கு அவர் படித்த படிப்பு இருக்கிறதே, கோவில்பட்டியில் காலேஜில் படிக்கும்போது அதில் பாதி படித்திருந்தால் கலெக்டராகியிருப்பார். தோசை ஊற்றும்போது ஒப்பிப்பார், துணி மடிக்கும்போது ஒப்பிப்பார். கோமதி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் கேள்வி கேட்க, இவர் பதில் சொல்ல, தப்பாகச் சொன்னால் அவள் கரண்டியால் மேஜையைத் தட்ட, வீடே அமர்க்களப்படும். அத்தனையும் பெட்டி கேட்டிருந்தது. ஆகவே மறுகுரலின் வயிற்றுக்குள் அமெரிக்க அரசியல் சட்டம் முழுசாக இருந்தது.

அந்த மசோதா வந்தபோது அவர் நடந்துகொண்டதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நாடு முழுக்க மறுகுரல்களை அணைக்க வேண்டும் என்று மசோதா. காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செத்த அம்மாவின் குரலை வைத்துப் பிள்ளைகளிடம் இன்ஷூரன்ஸ் விற்றார்கள். செத்தவர் சொன்னதாகச் சொல்லி உயிலை மாற்றினார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு இளவட்டம் அவள் குரலோடு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டவன், வேலையை விட்டான், சோற்றை விட்டான், கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருந்தது. டி.வி.யில் அவன் அப்பா அழுததைப் பார்த்து நானும் அழுதேன். அதற்காக என் வீட்டுக்காரரை அணைப்பேன் என்றால் எப்படி?

"கமிட்டிக்குப் போயிருக்கு," என்றார் அவர், கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல. "அங்க பாதி மசோதா தூங்கிரும். தாண்டி வந்தாலும் சபை ரெண்டு இருக்கு பாரு."

"எதுக்கு ரெண்டு? ஒண்ணை வச்சுக்கிட்டே நம்ம ஊருல படுத பாடு போதாதா?"

"ஒரு சபையில தலையை எண்ணுவாங்க. சனம் கூட இருக்க மாநிலத்துக்குக் கூட ஓட்டு. இன்னொரு சபையில மாநிலத்தை எண்ணுவாங்க. சின்னதோ பெருசோ, ஆளுக்கு ரெண்டு. பெரியவன் சின்னவனை முழுங்கக்கூடாது, சின்னவன் பெரியவனை ஆட்டி வைக்கவும் கூடாது. ரெண்டும் சரின்னு சொன்னாத்தான் ஜனாதிபதி மேசைக்கே போகும்."

"உங்களை அணைக்கப் போறாங்க. நீங்க பாடம் எடுக்கீங்க!"

"கோவிச்சுக்காத. இந்த நாட்டைக் கட்டுனவங்க ஒரு ராசாகிட்ட நல்லாப் பட்டவங்க. அதனால யார் கையிலயும் முழு அதிகாரத்தையும் குடுத்துரக்கூடாதுன்னு கண்ணுங்கருத்துமா இருந்தாங்க. சட்டம் போடுதது ஒருத்தன், நடத்துதது ஒருத்தன், அது சரியா தப்பான்னு சொல்லுதது ஒருத்தன். ஒருத்தனை ஒருத்தன் புடிச்சு நிறுத்தலாம். மெதுவாத்தான் நகரும். மெதுவா நகருததுதான் நமக்கு நல்லது."

மெதுவாகவா நகர்ந்தது? கமிட்டி தூங்கவில்லை. கீழ்ச் சபையில் நிறைவேறியது, மேல் சபையிலும் நிறைவேறியது. நான் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றுகொண்டு, யாருக்கோ ரத்தக்கொதிப்பு மாத்திரை எண்ணிக்கொண்டே, போனில் ஓட்டு எண்ணிக்கை பார்த்தேன். மாத்திரையைத் தப்பாக எண்ணியிருந்தால் என்னைத்தான் முதலில் உள்ளே வைத்திருப்பார்கள்.

அப்புறம் ஜனாதிபதி மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். மனிதர்களின் துக்கத்துக்குள் அரசாங்கம் நுழையக்கூடாது என்று காரணம் எழுதியிருந்தார். நான் கேசரி கிண்டினேன்! சாப்பிட ஆள் இல்லை, நானே இரண்டு நாள் தின்றேன். "நான்தான் சொன்னேம்லா?" என்றார் அவர். நானும் ஜனாதிபதி நன்றாயிருக்கட்டும் என்று கோவில்பட்டி செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொண்டேன். அவருக்கு ஓட்டுப் போடாத பாவத்தையும் மன்னிக்கச் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. ஜனாதிபதி வேண்டாம் என்றாலும், இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் மறுபடியும் வேண்டும் என்றால் சட்டம்தானாம். இதை ஏன் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நீ கேசரி கிண்டிட்டு இருந்த. சொல்ல மனசு வரலை," என்றார்.

மூன்றில் இரண்டு பங்கும் கிடைத்தது. போச்சு.

மார்கரெட் என்ற வக்கீலிடம் போனேன். நெட்டையான பெண். ஆப்பிளைக் கடித்துக்கொண்டேதான் யோசிப்பாள், ஆனால் யோசித்தால் நன்றாக யோசிப்பாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"இரண்டு சபையும் சேர்ந்த காங்கிரஸ் என்ன சட்டம் வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கும் மேலே அரசியல் சட்டம் இருக்கிறது. உரிய விசாரணை இல்லாமல் எந்த மனிதரின் உயிரையும் அரசாங்கம் பறிக்க முடியாது. கவனியுங்கள், எந்தக் குடிமகனின் என்று இல்லை, எந்த மனிதரின் என்று இருக்கிறது."

"அப்போ?"

"பெட்டிக்குள் இருப்பது மனிதர் என்று நீதிபதியை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அதற்கு நேர்வழி, இவர் உங்கள் கணவரேதான், அவருடைய வாழ்க்கை தொடர்கிறது என்று காட்டுவது. அவர் பெயரிலேயே மனுப் போடுகிறேன். சாட்சிக் கூண்டில் அவரையே பேச வைப்போம். சார், உங்களுக்குச் சம்மதமா?"

"தாராளமா," என்றார் அவர். "சரியா தப்பான்னு சொல்லுத அந்த மூணாவது ஆளையும் பாத்துரலாம்."

கோமதியிடம் போனில் சொன்னேன். அவள் சொன்னாள்: "அம்மா, அந்தச் சட்டம் வந்தப்போ நான் சந்தோஷப்பட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ. அப்பா போனதுல இருந்து எனக்கு அம்மாவும் இல்லை. நீ எங்க வீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"அவரைத் தனியா விட்டுட்டு எப்படிடி வருவேன்?"

"அது அப்பா இல்லைம்மா."

"அதை நீ சொல்லாத. நீதிபதி சொல்லட்டும்."

போனை வைத்துவிட்டேன். பெற்ற பெண்ணே எதிர்க்கட்சி! ஆனாலும் வழக்கு நாளன்று ஆற்றைத் தாண்டி வந்து, எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நீதிமன்றம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. வெள்ளை முடியோடு ஒரு அம்மாள் நீதிபதி. சாட்சிக் கூண்டில் நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு முக்காலி போட்டு அதில் பெட்டியை வைத்தார்கள். வீட்டிலிருந்து அதை மடியில் வைத்துத்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் கேள்விகளை ஒப்பித்துக்கொண்டே வந்தார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. உண்மையைச் சொல்வேன் என்று சத்தியம் வாங்கினார்கள். செய்தார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

மார்கரெட் எழுந்தாள். "மிஸ்டர் சங்கரலிங்கம்," என்றாள்.

பதில் இல்லை.

"மிஸ்டர் சங்கரலிங்கம், கேட்கிறதா?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மார்கரெட் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். அரசாங்கத்து வக்கீல் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்கள் உச்சரிப்பு அவருக்குப் பழக்கமாக இருக்கும். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. கல்யாணமான புதிதில் மாமியார் முன்னால் வாய் வரவில்லை. அப்புறம் அமெரிக்கா வந்தோம், இங்கே எந்த மாமியார் கேட்கப்போகிறார், ஆனால் நாக்குப் பழகிவிட்டது. ஏங்க, இந்தாங்க, கோமதி அப்பா, இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் எழுதிக் காட்டுவேன். உலகத்தில் யாரோடும் சண்டைக்கு நிற்கிற எனக்கு, இது ஒன்று மட்டும் வாயில் வராது. கோமதிக்கு அவர் அப்பா. வீட்டுக்குள் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு எவர் பேசுவார்? வேறு ஆட்கள் குரலையெல்லாம்தான் சட்டப்படி வழித்து எடுத்துவிட்டார்களே. வழக்குக்குத் தயார் செய்தபோது மார்கரெட்டும் சார், சார் என்றுதான் கூப்பிட்டாள். அத்தனை வருஷப் பேச்சில் அந்தப் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

அரசியல் சட்டம் முழுக்கத் தெரிந்த மனுஷனுக்குத் தன் பெயர் தெரியாது. செய்தது நான்.

"சொல்லுங்கள்," என்றார் நீதிபதி.

எழுந்து நின்றேன். "சங்கரலிங்கம்," என்றேன். இப்படி ஒரு சபையில், இத்தனை பேர் முன்னால், அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வந்ததே என்று கூசிப்போய், இருந்தாலும் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "சங்கரலிங்கம்!"

பெட்டி சும்மா இருந்தது. கூட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், நமக்கென்ன என்பது போல.

என்னால் தாங்க முடியவில்லை. "இந்தாங்க, உங்களைத்தான் கூப்பிடுதாங்க," என்று கத்திவிட்டேன்.

"என்னையா? சொல்லு செண்பகம், இங்கனதான இருக்கேன்," என்றார் உடனே.

சிலர் சிரித்தார்கள். அரசாங்கத்து வக்கீல் சிரிக்கவில்லை. அவன் எழுந்து, மரியாதையாகவே கேட்டான். "ஐயா, உங்கள் பெயர் சங்கரலிங்கமா?"

"அப்படி என்னை யாரும் கூப்பிட்டதில்லையே," என்று கோமதியோடு பேசுகிற இங்கிலீஷில் சொன்னார் அவர்.

மார்கரெட் குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்தாள். நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார். "நானே கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. அது உங்களுக்குப் புரிகிறதா?"

"புரியுது."

"ஆம் என்றால் நீங்கள் தொடர்ந்து இருக்கலாம். அதுவும் புரிகிறதா?"

"புரியுது."

"நீங்கள் இந்த அம்மாளின் கணவர் சங்கரலிங்கமா?"

நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். ஆமா என்று சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. காலில் விழுகிறேன், சொல்லித் தொலையுங்க.

"தெரியாதுங்க," என்றார். "நேத்து வரைக்கும் தெரியும்னுதான் நெனைச்சேன். சத்தியம் பண்ணிட்டேன். தெரியாததைத் தெரியும்னு சொல்ல முடியாது."

தீர்ப்புக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை அணைக்கக்கூடாது என்று இடைக்காலத் தடை. அந்த ஒரு மாதமும் நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. குழம்பு என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பொய் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு ஆற்றாமை. ஆனால் அவர் அப்படித்தான். வரி கட்டும்போது கோமதிக்குக் கொடுத்த பாக்கெட் மணியைக்கூடக் கணக்கில் காட்ட வேண்டுமா என்று கேட்ட ஆள். ஆமா என்று சொல்லியிருந்தால்தான் அது அவர் இல்லை. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

தீர்ப்பு நாளன்று நீதிபதி அம்மாள் பேப்பரைப் பார்க்காமல் பேசினார்.

"தன் பெயருக்குத் திரும்பாத ஒருவரை அந்தப் பெயருக்கு உரியவர் என்று நான் அறிவிக்க முடியாது. சங்கரலிங்கம் இறந்துவிட்டார். மனுதாரர் அவர் அல்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னாலிருந்து கோமதியின் கை என் தோளில் விழுந்தது.

"ஆனால்," என்றார் நீதிபதி, "பொய் சொன்னால் பிழைக்கலாம் என்று தெரிந்தும், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத் தெரியாது என்று சொன்னவரை வெறும் கருவி என்று சொல்ல இந்த நீதிமன்றம் தயாராக இல்லை. மனுதாரர் ஒரு மனிதர். அவரை அணைக்கும் அதிகாரம் காங்கிரஸுக்குக் கிடையாது. இவர் யாருக்கும் சொத்தும் கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த மாநிலத்தில் உண்டானவர், இந்த மண்ணிலேயே பிறந்தவர். மனுதாரருக்கு மனைவி இல்லை. மகள் இல்லை."

மார்கரெட் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். ஜெயித்துவிட்டோமாம்! இங்கே பிறந்ததால் அவர் பிறவிக் குடிமகனாம், இதுவரை யாருக்கும் கிடைக்காத தீர்ப்பாம். வரிசையில் நின்று நின்று காலம் போன மனுஷன் ஞாபகம் வந்தது எனக்கு. எனக்கு ஜெயித்தது மாதிரியே இல்லை. அவரை அணைக்கக்கூடாது என்றுதான் கேட்டேன், அணைக்கவில்லை. ஆனால் என் புருஷனை நடுச்சபையில் என்னிடமிருந்து கழற்றிவிட்டார்கள்.

"இனி நீங்கள் சுதந்திரமானவர். எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று நீதிபதி பெட்டியைக் கேட்டார்.

"அதை என்கிட்ட மட்டும் கேட்டாப் போதாதுங்க. யாரையும் அவங்க சம்மதம் இல்லாம ஆளக்கூடாதுன்னுதான் இந்த நாட்டையே ஆரம்பிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச இடம் ஒரு சமையலறைதான். ஆனா அது அந்த அம்மா வீடு. அவங்க சம்மதிக்கணும்."

அந்த அம்மா! எனக்கு வந்த கோபத்தில் அந்த முக்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "சம்மதம்," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

கோமதி கார் ஓட்டினாள். வீட்டுக்குள் வந்து, பெட்டியை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் நின்றேன். புருஷன் என்றால் உப்பு ஜாடிப் பக்கத்தில் வைக்கலாம். வந்த விருந்தாளியை அங்கே வைக்கலாமா? கடைசியில் சாப்பாட்டு மேஜையில், நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தேன். அடுப்பில் பால் வைத்தேன். கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெட்டிக்கு எதிரில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றது குரல். அதே குரல்தான். ஆனால் அத்தனை மரியாதை.

"கேளுங்க."

"அவர் பேசுனதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு சொல்லு விடாமத் தெரியும். பேசாம இருக்கும்போது அவர் என்ன செய்வார்?"

எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. பெட்டி கேட்டதெல்லாம் சத்தம்தான். மிச்சமெல்லாம் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

"சொல்லும்மா," என்றாள் கோமதி.

"காலையில காபி குடுத்தா உடனே குடிக்க மாட்டார்," என்று ஆரம்பித்தேன். "கையில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பார். ஆறிப்போகும். நான் அங்கிட்டும் இங்கிட்டும் வேலை பாத்துட்டு இருப்பேன், தலைகூடச் சீவியிருக்க மாட்டேன். அவர் பாத்துக்கிட்டே இருப்பார். என்னங்க பாக்கீங்கன்னு கேப்பேன்."

"ஒண்ணுமில்லம்பார்," என்றது குரல்.

"ஆமா."

"அது எங்கிட்ட நிறைய இருக்கு. தினம் காலையில இருக்கு. நீங்க என்னங்க பாக்கீங்கன்னு கேக்கதும், அவர் ஒண்ணுமில்லன்னு சொல்லுததும். எதைப் பாத்துட்டு அப்படிச் சொன்னார்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, தயங்கிக் கேட்டது. "உங்களையா?"

"என்னைத்தான்," என்றேன்.

பால் பொங்கி வழிந்தது. கோமதி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் செத்துப்போனதற்காக வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.